பெட்டியை எறியவில்லை, வைத்தேன்

வாக்குமூலம் எண் 2
நாள்: 2024 மார்ச் 14, வியாழக்கிழமை, முற்பகல் 10.40
பதிவு செய்தவர்: நிலைய எழுத்தர், ஆய்வாளர் முன்னிலையில்

என் பெயரும் முகவரியும் புகாரில் உள்ளபடியே. வயது மட்டும் அதில் எழுபத்திரண்டு என்றிருப்பது தவறு; எழுபத்து நான்கு முடிந்துவிட்டது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அளவுகளைக் கொண்டு செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் ஆய்வுக்கூடம் நடத்தி வருகிறேன். என்னைத் தவிர பதினொரு பேர் அங்கே வேலை செய்கிறார்கள். எங்கள் கணினி, மின்னஞ்சல், இணைய இணைப்பு அனைத்தையும் மாதக் கட்டணத்துக்குப் பராமரிக்கும் பொறுப்பை, இப்போது என்மீது புகார் கொடுத்திருக்கும் நிறுவனத்திடம் 2022 ஆகஸ்ட் 1 அன்று ஒப்படைத்தேன்.

அந்த நிறுவனத்தில் வாடிக்கையாளர் உறவு அலுவலர் என்ற பதவியில் ஒருவர் இருக்கிறார். மாதம் ஒருமுறை வருவார். வந்ததும் கணினியைப் பார்க்கமாட்டார், ஆளைப் பார்ப்பார். ஒவ்வொரு மேசையிலும் நின்று வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்பதால் எங்கள் ஆட்கள் அவருக்கு ‘நலமா தம்பி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் கொண்டுவந்து, வெட்டச் சொல்லிப் படமும் எடுத்துக்கொண்டு போவார்.

2024 பிப்ரவரி 26 அன்று எங்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மாவின் கணவர் இருதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதன் பிறகு பிப்ரவரி 29 அன்று (எழுத்தர் சந்தேகப்பட்டார், இது லீப் வருடம், தேதி சரிதான்) நலமா தம்பி வந்தார். “மாமாவுக்கு இப்ப எப்படி இருக்குக்கா? எந்த வார்டுல வெச்சிருக்காங்க? பாக்கற டாக்டர் யாரு?” என்று கேட்டார். அந்த அம்மா எல்லாவற்றையும் சொன்னார். பக்கத்தில் நின்றிருந்த நான், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மார்ச் 6, புதன்கிழமை, பிற்பகலில் அந்த அம்மாவின் அலுவலக மின்னஞ்சலுக்கு அந்த மருத்துவமனையின் பெயரில் ஒரு மடல் வந்தது. கணவரின் நிலை கவலைக்கிடம் என்றும், உடனே அறுவை சிகிச்சை செய்ய ஒப்புதல் வேண்டும் என்றும், கீழே உள்ள இணைப்பைத் தொட்டுத் தங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லை இட வேண்டும் என்றும் அதில் இருந்தது. வார்டும் மருத்துவர் பெயரும் சரியாக இருந்தன. அவர் இட்டார். இட்டதும் எழுந்து ஓடினார். தொலைபேசி கொக்கியில் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்தபோது மறுமுனையில் ஒரு பல் மருத்துவர் மேல்வரிசைப் பல் ஒன்றின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். குறித்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் கணவர் மின்விசிறிக்காகப் பக்கத்துப் படுக்கைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பார்த்து இந்த அம்மா தரையில் உட்கார்ந்தவர், எழுந்திருக்க ஒரு செவிலியர் கைகொடுக்க வேண்டியிருந்ததாம். அதன் பிறகு, மடலை அனுப்பியது மருத்துவமனைதான் என்று நம்பி, அங்குள்ள பதிவு அறை ஊழியரை எல்லார் முன்னிலையிலும் திட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அதன் பிறகு மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, அந்த நிறுவனத்தின் விற்பனை மேலாளரும் நலமா தம்பியும் காலாண்டுச் சந்திப்புக்கு வந்தார்கள். ஊழியர் அனைவரும் இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதால் நான் அழைத்தேன். மேலாளர் திரையில் பதினொரு உருவங்களைக் காட்டினார். பத்து பச்சை, ஒன்று சிவப்பு. சிவப்பில் இருந்தது அந்த அம்மாவின் முகம்; பிறந்தநாள் கேக்கோடு எடுத்த படத்திலிருந்து வெட்டியது. “எல்லாருக்கும் ஆளுக்கேத்த மாதிரி ஒரு பொய் மடல் அனுப்பிப் பாத்தோம் சார். பத்து பேர் தப்பிச்சாங்க. அக்கா ஒருத்தங்க கதவத் தொறந்து விட்டுட்டாங்க” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த அம்மா எழுந்தார். “வார்டு நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேக்கமாட்டேன் தம்பி. நான்தானே சொன்னேன்” என்று நலமா தம்பியைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதன் பிறகு நான் நலமா தம்பியை விசாரித்தேன். “வாடிக்கையாளர் சொல்றத எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெப்போம் சார், அடுத்த தடவ மறக்காம விசாரிக்கணும்னுதான். மார்க்கெட்டிங்ல அத எடுத்து இப்படிப் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது” என்றார். மடல் பொய் என்று தொட்டவுடனே சொல்லிவிடும் பக்கம் ஒன்று வழக்கமாக உண்டாம். சந்திப்பில் காட்டினால்தான் மனதில் பதியும் என்று அதை நிறுத்தி வைத்ததாக மேலாளரே ஒப்புக்கொண்டார். ஆக, ஆறு நாட்கள் அவர்கள் தெரிந்தே சும்மா இருந்தார்கள்.

“நிஜமா திருட வர்றவன் இரக்கம் பாப்பானா சார்?” என்று மேலாளர் கேட்டார்.

“அவனுக்கு நான் மாசாமாசம் சம்பளம் குடுக்கலையே” என்றேன்.

அதற்கும் அவர் அசரவில்லை. ஊழியர் விழிப்புணர்வுப் பயிற்சி மூன்று ஆண்டுத் திட்டம் என்றும், இன்றே கையெழுத்திட்டால் சலுகை என்றும் தாளை என் பக்கம் தள்ளினார்.

அதன் பிறகு நான் எழுந்து, சுவரில் அவர்கள் பொருத்தியிருந்த இணையப் பாதுகாப்புப் பெட்டியைக் கழற்றி, பல் அச்சு வார்க்கும் அறைக்கு எடுத்துச் சென்று, அப்போதுதான் கரைத்திருந்த பிளாஸ்டர் வாளியில் வைத்தேன். நான் பெட்டியை மேலாளர்மீது எறிந்ததாகப் புகாரில் உள்ளது. எறியவில்லை, வைத்தேன். முழுதும் மூழ்கும்வரை கையால் அழுத்தவும் செய்தேன். “சார், அது எங்க சொத்து” என்றார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து முடிப்பதற்குள் பிளாஸ்டர் இறுகிவிட்டது. “இன்னொரு தரம் இந்தப் பக்கம் வந்தா, அடுத்து உங்க கைதான் உள்ள போகும்” என்று நான் மிரட்டியதாக எழுதியிருப்பது உண்மை. கோபத்தில் சொன்னதாகக் குறிக்கலாமா என்று ஆய்வாளர் கேட்டார். கோபம் இன்னும் இருக்கிறது என்றும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு நேற்று, மார்ச் 13, காலையில் அந்த நிறுவன உரிமையாளர் தொலைபேசியில் பேசினார். சோதனை மடல் அனுப்ப ஒப்பந்தத்தில் இடமிருப்பதை நினைவூட்டினார். இடமிருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஒரு மனுஷனைச் சாகக் கிடக்கவைக்க அதில் இடமில்லை என்றேன். சோதனை முறையாக நடந்தது, தவறு ஊழியரின் கவனக்குறைவே என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். “இந்த வயசுல கோர்ட் படி ஏறணுமா சார்?” என்று அக்கறையாகவும் கேட்டார். மாலைக்குள் சொல்வதாகச் சொல்லி வைத்தேன்.

அதன் பிறகு அன்று மாலை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவர் விலகல் கடிதத்தை எழுதித் தயாராக வைத்திருந்தார். பதிவு அறை ஊழியரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். மேலாளர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை இங்கே குறிக்க வேண்டும். உரிமையாளர் கேட்ட இரண்டு வரியை நான் சொன்னதும் அவர், “எழுதிக் குடுத்துடுங்கய்யா. பொய் இல்லையே. நாளைக்கே அதே மாதிரி ஒண்ணு வந்தாலும் நான் தொடத்தான் செய்வேன். நிஜமா பொய்யான்னு நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க, அங்க அவருக்கு ஒண்ணு ஆயிட்டா? இப்படிப்பட்டவ உங்களுக்கு எதுக்கு?” என்றார்.

இதைக் கவனக்குறைவு என்று என் கையால் எழுதமாட்டேன். எனவே உரிமையாளரிடம் இரவே மறுத்துவிட்டேன். வழக்கு நடக்கட்டும்.

மேற்கண்டவை அனைத்தும் நான் சொல்லியவையே. படித்துக் காட்டக் கேட்டேன். இரண்டு தேதிகளைத் திருத்தினேன். வேறு ஒரு சொல்லையும் மாற்ற விருப்பமில்லை.

(ஒப்பம்)

இணைப்புகள்:
1. மார்ச் 6 தேதியிட்ட பொய் மடலின் அச்சுப் பிரதி.
2. 2022 ஆகஸ்ட் 1 தேதியிட்ட ஒப்பந்தத்தின் நகல்.
3. மேற்படி பெட்டி, இறுகிய பிளாஸ்டருடன், வாளி உட்பட. வாளி எங்களுடையது, திரும்ப வேண்டும்.
4. விலகல் கடிதம் இணைக்கப்படவில்லை. நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை, மார்ச் 18 அன்று காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.