மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைதட்டல்

தகரக் கூரையில் பெய்யும் மழையும் கைதட்டலும் ஒலிநாடாவில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் கேட்கும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இரண்டையும் போட்டுக் காட்டி, எது எது என்று கேட்பேன். பாதிப் பேர் மாற்றித்தான் சொல்வார்கள். வித்தியாசம் முடிவில் இருக்கிறது. மழை யாரையும் பார்த்து நிற்பதில்லை. கைதட்டலில் மட்டும் யாரோ ஒருவர் மற்றவர்களைவிட இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டு, கூச்சத்தோடு கையை மடியில் வைத்துக்கொள்வார். அந்த ஒருவரைச் சேர்க்கத் தெரிந்தால் போதும். மற்றதை மக்களே நம்பிக்கொள்வார்கள்.

நீங்கள் கேட்டது மாப்பிள்ளையைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன். வயதாகிவிட்டது, எதையும் நேராகத் தொடங்க வருவதில்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். இசைப் பள்ளி ஒன்றில் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனம் முழுக்க ஜாஸ்தான். எங்கள் ஒலிப்பதிவுக் கூடம் ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் எங்கள் தரை அதிரும். அதனால் அச்சகத்துக்கு விடுமுறை என்றால்தான் எங்களுக்கு வேலை. அந்த நாட்களில் மாப்பிள்ளை வருவார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான். எந்தப் பாட்டையும் ஒருமுறை வாசித்ததுபோல மறுமுறை வாசிக்க மாட்டார். முடித்ததும் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார். நான் தலையசைப்பேன். அதன் பிறகுதான் மூச்சு விடுவார்.

ஆட்கள் முன்னால் அவரால் வாசிக்க முடியாது. திருமண வரவேற்பில் உறவுக்காரர்கள் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தார்கள். கட்டைகளின்மேல் கையை வைத்தார், வைத்தபடியே இருந்தார். பிறகு வயிற்றுவலி என்று எழுந்துவிட்டார். பொண்ணு பார்க்க வந்தப்பகூட இப்படித்தான் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லித் தங்கை எல்லோரையும் சிரிக்கவைத்துச் சமாளித்தாள். அவள் கெட்டிக்காரி.

அவருடைய முதல் இசைத்தட்டு விற்கவில்லை. கம்பெனி முதலாளி அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆள் இல்லாத வீட்டுல விளக்கு எரியற மாதிரி இருக்கு" என்றார். முதலாளிக்கு இசை தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் அதே பதிவை எடுத்து, வீட்டுக்குள் ஆட்களைக் குடிவைத்தேன்.

கைதட்டலுக்காக நான் போகாத இடமில்லை. பள்ளிப் பரிசளிப்பு விழா உதவாது, குழந்தைகளின் உள்ளங்கை சிறியது. ஓய்வுபெறும் அதிகாரிக்கு அலுவலகத்தில் தட்டுவார்களே, அதில் ஒரு சோம்பல் இருக்கும். மெதுவான பாட்டின் முடிவுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஓர் இருமல், நாற்காலி இழுபடும் சத்தம், கண்ணாடிக் குவளை மேசையில் உட்காரும் சத்தம், எல்லாம் சேர்த்தேன். ஜனங்கள் கூடிய இடத்தில் சிரிப்பும் இருக்கும். அது நம் இசைக்கு ஒட்டாது. நறுக்கி எடுத்துத் தனிச் சுருளில் சுற்றிவைத்தேன். தூக்கிப்போட மனம் வரவில்லை.

மேல்மாடி அரங்கத்தில் நேரடியாகப் பதிவுசெய்யப்பட்டது என்று அட்டையில் போட்டோம். அப்படி ஓர் அரங்கம் எங்கும் இல்லை. அச்சகத்துக்கு மேல்மாடி, அவ்வளவுதான். இசைத்தட்டு விற்றது. கூட்டத்தின் மூச்சே இவருடைய விரல்களை நடத்துகிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்ன ஒருவரையே நான் சந்தித்திருக்கிறேன். இடம் நெருக்கடியாக இருந்ததாம்.

மாப்பிள்ளைக்கு முதன்முதலில் போட்டுக் காட்டினேன்.

"இவங்கல்லாம் யாரு மச்சான்?" என்றார்.

"உங்களைக் கேக்கறவங்க" என்றேன்.

கடைசிப் பகுதியை மட்டும் இன்னொருமுறை போடச் சொன்னார்.

அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. போகப்போக, வாசித்து முடித்ததும் காலி அறையில் லேசாகத் தலைகுனிய ஆரம்பித்தார், யாரோ தட்டுவதுபோல. நான் இந்தப்பக்கம் இருந்து தலையசைப்பேன். என் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். எனக்குக் குடும்பம் என்று வேறு இல்லை.

பிறகு ஒருநாள் பதிவு இல்லாத நேரத்தில் வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தது.

"மச்சான், நெசமாவே வாசிக்கலாம்னு இருக்கேன். ஆளுங்க முன்னாடி" என்றார்.

முதலில் தங்கை முன்னால் வாசித்துப் பழகியிருக்கிறார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள், பிறகு பள்ளி ஆசிரியர்கள். ஒரு வருடமாக நடந்திருக்கிறது. கைதட்டலைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் பயம் போய்விட்டதாம். என்னிடம் இருவரும் மூச்சுவிடவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மறைத்தார்களாம். ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். வாசித்து முடித்ததும் மைக்கைப் பிடித்து, இதுவரை வந்ததெல்லாம் பொய், இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். முதலாளிக்கு இது தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். முதலாளி பயந்தார், நான் பயப்படவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பெயருக்கும் தொழிலுக்கும் பயந்து செய்தேன் என்று எழுதினால் அது தவறு.

நான் நினைத்தது மாப்பிள்ளையைப் பற்றித்தான். அவருக்குப் பழக்கமானது நான் அளவெடுத்துத் தைத்த கைதட்டல். அசல் கூட்டம் அப்படி இருக்காது. பாதிப் பேர் கடமைக்குத் தட்டுவார்கள், சிலர் பாதியில் எழுந்து போவார்கள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறார். இன்று தப்பினால் நாளை, நாளை தப்பினால் வேறொரு நாள், எங்கோ ஓரிடத்தில் அடி விழத்தான் போகிறது. அதை முதல் நாளே சிறிதாக வாங்கிக்கொண்டால் மறுபடி நம் அறைக்கு வந்துவிடுவார். முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அதுதான்.

பழைய நகர அரங்கத்தில் ஏற்பாடு. ஒலியமைப்பு நான்தான், வேறு யார். மேடையில் வாசிப்பவர் தன் வாசிப்பைத் தானே கேட்பதற்காகக் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்போம். அதில் போவது அரங்கத்துக்குக் கேட்காது. அவருக்குக் கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்கும்.

முதல் பாட்டு முடிந்தது. அரங்கத்தின் பின்வரிசையில் கருவிகளோடு உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் எழுந்தது. இத்தனை வருடம் நான் சேர்த்துவைத்த நாடாக்களில் அப்படி ஒன்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாப்பிள்ளை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் தங்கையைப் பார்த்தார். நான் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

இரண்டாவது பாட்டு மெதுவானது. அதில் ஓரிடத்தில் ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி விடுவார். அங்கே அந்தத் தனிச் சுருளிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பை வைத்தேன். சத்தமாக அல்ல. யாரோ காதில் எதையோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது போல. ஒரு ஸ்வரம் தவறியது. உடனே மூக்கால் சிரிக்கும் ஓர் ஆணைச் சேர்த்தேன். இது நுணுக்கமான வேலை, அவசரப்பட்டால் தெரிந்துவிடும். மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் கை நின்றது. கட்டைகளின்மேல் வைத்தபடியே இருந்தார். கூட்டம் அதையும் இசையின் ஒரு பகுதி என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. குண்டூசி விழுந்தால் கேட்கும். அவருக்கு மட்டும் அந்த அமைதி கேட்கவில்லை. அதை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனார். முடிந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. தங்கையும் தட்டினாள். என் விரல் சிரிப்பை இன்னும் இறக்கவில்லை. அவர் காதில் அதுதான் விழுந்திருக்கும்.

மேடைக்குப் பின்னால் மரப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். நான்தான் முதலில் போனேன்.

"மச்சான், அவங்க சிரிச்சாங்களா?"

அப்போதுகூட இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் அதைத்தான் கேட்கப்போகிறீர்கள், தெரியும்.

"சிரிச்சாங்க மாப்பிள்ளை. மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கு நம்ம ரூமுக்கு வாங்க, வாசிக்கலாம்."

சரி என்று தலையாட்டினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்றார். அரங்கத்துக்குப் பின்னால் ஆறு, ஆற்றுக்குமேல் பாலம். பாலத்தை நோக்கி நடப்பதைப் பார்த்தேன். காற்று வாங்க நல்ல இடம்தான். தண்ணீரிலிருந்து அவரை எடுத்தார்கள் என்று செய்தி வந்தபோது நான் எங்கள் அறையில் மைக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

தங்கை தன்னைத்தானே நொந்துகொண்டாள். நான்தான் மேடைக்குத் தள்ளிவிட்டேன் என்று வருடக்கணக்கில் அழுதாள். "ஆசையில செஞ்ச, விடும்மா" என்று நான்தான் தேற்றுவேன். அவளுக்கும் என்னை விட்டால் யாரும் இல்லை.

போன மாதம் மருத்துவமனையில் காத்திருந்தபோது அவள் அந்த டிரம்ஸ்காரரைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பாவிங்க அன்னைக்குச் சிரிக்காம இருந்திருந்தா மனுஷன் இன்னும் இருந்திருப்பார் என்று அவர் சொல்லியிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லையே, நான் முன்வரிசையில் இருந்தேனே என்று இவள் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, அவருக்குக் கேட்ட சிரிப்பு எனக்கு ஏன் கேக்கல?"

அது தொழில் சம்பந்தமான கேள்வி. காலடி ஸ்பீக்கரைப் பற்றி விளக்கினேன். சுருளைப் பற்றியும் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் புரியாது. முழுவதும் கேட்டாள்.

"அவர் உன்கிட்ட ஏதாவது கேட்டாரா?"

"சிரிச்சாங்களான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உட்காரும்மா, சாப்பிட்டுட்டுப் போ என்றேன். திரும்பிப் பார்க்காமல் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

எந்தச் சட்டப்பிரிவு என்று இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அவசரமில்லை, தேடுங்கள். எதைப் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். அலுத்துவிட்டது. ஒன்று மட்டும், அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்று எழுதாதீர்கள். அந்தக் கடைசிக் கச்சேரியை இசைத்தட்டாகக் கொண்டுவர முதலாளி கேட்டபோது நான்தான் உட்கார்ந்து வேலை செய்தேன். அன்று எழுந்த கைதட்டல் முழுவதும் பதிவாகியிருந்தது. போட்டுக் கேட்டேன். ஆரம்பம் தடுமாறியது, நடுவில் சீராக இல்லை, முடிவும் சரியில்லை. அதை அழித்துவிட்டு என்னுடையதை வைத்தேன். அதைவிடக் குறைவாக மாப்பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.