பதினேழாம் கொடி

எனக்குத் திராட்சை பிடிக்காது, பல் கூசும். ஆனால் பதினேழாம் கொடியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். விசாரிக்க வந்த நீங்களே கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

அதன் தாய், வாசம் நிறைந்த வைன் திராட்சை. பெரிய சீமாட்டி; லேசாக ஈரக்காற்று பட்டாலே சாம்பல் நோய் வந்து படுத்துவிடும். தகப்பன், எங்கள் ஆராய்ச்சி நிலையக் கழிப்பறைக்குப் பின்னால் வேலியில் தானாக முளைத்த காட்டுத் திராட்சைக் கொடி. யாரும் மருந்தடித்ததில்லை, அது படுத்ததுமில்லை. தாயின் பூக்களில் மகரந்தப் பைகளை இடுக்கியால் கிள்ளியெடுத்து, காட்டுக்கொடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, காகித உறை கட்டினேன். முளைத்த நாற்றுகளில் பதினேழாவது ஒன்றுதான் தேறியது. தடித்த தோல், நல்ல புளிப்பு, கொஞ்சம் திமிர். அதன் வைனில் எலுமிச்சைத் தோல் மணத்தது.

இயக்குநர் சுவைத்துவிட்டுச் சிரித்தார். "வேலிக்கொடிக்கு வைன் ஆசையாம்மா? மூணு வருஷமா ஊர்ல நோயே இல்ல. எதை எதிர்த்துச்சுன்னு நான் எழுதுறது? அடுத்த மாசம் பிடுங்கிப் போட்டுரு."

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படியேறியவள் நான். அந்தச் சிரிப்பு பழகியதுதான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது: நோய் வேண்டும்.

ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் இலை வைத்துச் சாம்பல் நோயை வளர்த்துவந்தோம். ஒரு தட்டையும் பழைய தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை அப்பாவின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஓரத்தில் பதினேழாம் கொடியின் ஐந்து குச்சிகளை முன்பே நட்டிருந்தேன். அப்பாவின் கொடிகளுக்கு நோயைப் பூசிவிட்டு, அவற்றுக்கும் சமமாகப் பூசினேன். ஓரவஞ்சனை எனக்குப் பிடிக்காது.

"என்ன பாப்பா, கொடிக்குப் பவுடர் போடுறியா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா, அழகாத் தெரியட்டும்."

"அப்ப இதை விட்டுட்டியே" என்று ஓர் இலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தார்.

மூன்று வாரத்தில் அவருடைய பிஞ்சுகள் சாம்பல் பூத்து வெடித்தன. பிறகு பக்கத்துத் தோட்டம், அதற்குப் பக்கத்தது. அது காற்றின் வேலை. என் தலையில் கட்டாதீர்கள். ஊரே வெளுத்தபோது ஐந்து கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. இயக்குநர் அவற்றின் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார்.

அப்பா தோட்டத்தை விற்றுவிட்டார். இப்போது அதே மண்ணில் கூலிக்குப் பதினேழாம் கொடி நடுகிறார். "எம் பொண்ணு கண்டுபிடிச்சதுய்யா, நோயே அண்டாது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

பூசியது நான்தான். அந்தத் தோட்டத்தை நோயிலிருந்து காப்பாற்றியதும் நான்தான். அதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.