நங்கூரனின் கடைசிப் பலூன்

மேடையில் அமர்ந்திருக்கும் பதிப்பாசிரியர் மார்ட்டி ஸ்லோன் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஹெட்டியின் மகள் நவோமி அவர்களே, கொட்டும் மழையிலும் குவீன்ஸ் நூலகத்தின் இந்தக் கீழ்த்தள மண்டபத்தை நிறைத்திருக்கும் ஓவியர்களே, மை தீட்டுகிறவர்களே, பழைய இதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்து வந்திருக்கும் வாசகர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஆல்வின் ப்ரூயிட். அமரர் ஹெட்டி வாக்ஸ்லர் அம்மையார் எழுதி வரைந்த 'நங்கூரன்' காமிக்ஸில், பாத்திரங்களின் தலைக்கு மேல் வசனம் தாங்கி நிற்கும் பேச்சுப் பலூன்களை இருபத்தாறு ஆண்டுகள் நிரப்பியவன். வசனம் அவருடையது, கையெழுத்து என்னுடையது. மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. பலூனுக்குள் அடங்கும் அளவுக்குத்தான் பேசத் தெரியும்.

நங்கூரனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டுமா? பாய்ந்து வரும் ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துகிறவன். சரிந்து விழும் கட்டடத்தை நிறுத்துகிறவன். ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மனைவியை அவனால் நிறுத்த முடிந்ததா? அம்மாவோடு போன மகளை நிறுத்த முடிந்ததா? அந்தக் காலத்தில் மற்ற சாகச வீரர்களெல்லாம் வில்லனை நினைத்துக் கவலைப்பட்டார்கள். நம் நங்கூரன் மட்டும் சலவைக்கடையில் முகமூடியைத் துவைக்கப் போட்டுவிட்டு, மகளுக்கு என்ன பிறந்தநாள் பரிசு வாங்குவது என்று இரண்டு பக்கம் யோசிப்பான். சண்டை எங்கே என்று கேட்டு மார்ட்டி தலையில் அடித்துக்கொள்வார்.

ஹெட்டி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "நம்ம பொழப்பே நிறுத்தி வைக்கிறதுதான்யா ஆல்வின். ஓடுற மனுஷனப் புடிச்சு ஒரு கட்டத்துக்குள்ள நிறுத்துறோம். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல வெள்ளையா ஒரு இடம் விடுறோம்ல, அங்கதான் அவன் நெசமா வாழுறான். அத நம்மால வரைய முடியாது." அன்று அவர் உளறுவதாக நினைத்தேன். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தவறு தேவைப்பட்டது.

அந்தத் தவறைத்தான் இன்று இங்கே சொல்ல வந்தேன். ஹெட்டி வசனத்தைக் கறுப்புப் பென்சிலில் எழுதுவார். எனக்கான குறிப்புகளை வெளிர்நீலப் பென்சிலில் எழுதுவார். அச்சகத்துக் கேமராவுக்கு அந்த நீலம் தெரியாது. 'பலூன மேல தள்ளு, அவன் காது மறையுது', 'நேத்து ஏன் போன் எடுக்கல' என்றெல்லாம் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும். அச்சாகும்போது ஒன்றும் வராது. எங்கள் பாதி நட்பு அந்த நீலத்தில்தான் நடந்தது.

1979, நாற்பத்தோராம் இதழ். அச்சகத்து ஆள் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். என் கையில் இன்னும் ஐந்து பக்கங்கள். எங்கள் தொழிலில் கை சூடாகிவிட்டால் அர்த்தம் பார்ப்பதில்லை, எழுத்தின் உயரத்தை மட்டும்தான் பார்ப்போம். நங்கூரன் ரயிலைப் பிடித்து நிற்கும் ஒரு கட்டம். பலூனுக்குள் இருந்த வரிகளின் மேல் அப்படியே மை தீட்டிக் கொடுத்துவிட்டேன். மார்ட்டியும் பார்க்கவில்லை. மறுக்காதீர்கள் மார்ட்டி, அன்று நீங்கள் பல் பிடுங்கப் போயிருந்தீர்கள்.

இதழ் கடைக்கு வந்தது. நாற்பது டன் ரயிலைத் தோளில் தாங்கியபடி நங்கூரன் சொல்கிறான்: "ஆல்வின், எனக்கு அலுத்துப்போச்சு. எல்லாத்தையும் விட்டுடலாமான்னு இருக்கு. யார்கிட்டயும் சொல்லாத."

அது ஹெட்டி எனக்கு எழுதியது. வசனம் பிறகு தருவதாக இருந்து, வெற்றுப் பலூனுக்குள் நீலத்தில் எழுதிய சொந்த மனக்குறை. யாரிடமும் சொல்லாதே என்று ஒரு பெண் நம்பிச் சொன்னதை ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பிரதியில் அச்சடித்துக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும், அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? உடல் கூசிப்போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.

"உள்ள வாய்யா, லட்சம் பேர்கிட்ட ரகசியம் சொன்னவனே. காப்பி ஆறுது" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல்கூடத் திட்டவில்லை.

பிறகு கடிதங்கள் வந்தன, மூட்டை மூட்டையாக. யார் அந்த ஆல்வின் என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஒஹையோவிலிருந்து ஒரு ரயில்வே தொழிலாளி எழுதியிருந்தார்: "எனக்கும் அலுத்துப்போச்சுங்க. அவன் வாய்விட்டுச் சொன்னத பாத்துதான் நானும் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்." ஹெட்டி அதை மூன்று முறை படித்தார். அடுத்த இதழிலிருந்து நங்கூரன் கட்டத்தின் ஓரத்தைத் தட்டி, கண்ணுக்குத் தெரியாத ஆல்வினிடம் பேச ஆரம்பித்தான். "இந்த மாசமும் இருபத்திரண்டு பக்கம்தானா? என் பொண்ணப் பாக்க எந்தப் பக்கத்துலப்பா நேரம் குடுப்பீங்க?" தான் காகிதத்தில் இருப்பது தெரிந்த பிறகும் ரயிலை நிறுத்தப் போனான் பாருங்கள், அவனை அதற்காகத்தான் நாம் நேசித்தோம்.

இப்போது எதற்காக இதைச் சொல்கிறேன்? கடைசி இதழின் கடைசிப் பக்கம் என் மேஜையில் இருக்கிறது. ஓர் உணவகம். நங்கூரன் முகமூடியைக் கழற்றிவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். "இத்தன வருஷம் ஏம்ப்பா வரல?" என்று அவள் கேட்கிறாள். அவன் பலூனில் கறுப்புப் பென்சில் படவில்லை. அதை வரைந்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போன ஹெட்டி திரும்பி வரவில்லை.

பதிப்பு நிறுவனத்தார் அந்தப் பலூனுக்கு ஓர் அழகான வரியை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மார்ட்டி என்னிடம், "கண்ணு கலங்கிடும்யா, போட்டுடு" என்றார். சற்றுமுன் இந்த மண்டப வாசலில் நவோமி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எங்கம்மாவும் என் எந்தப் பொறந்தநாளுக்கும் வேலைய விட்டுட்டு வந்ததில்ல. அந்தப் பொண்ணு கேக்குறது என் கேள்விதான் அங்கிள். அம்மா என்ன பதில் எழுதியிருப்பாங்க?"

அதை வாசலில் வைத்துச் சொல்ல வேண்டாம் என்று மேடைக்கு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன் நவோமி. அந்தப் பலூன் காலியாக இல்லை. நீலத்தில் எழுதியிருக்கிறார்: "ஆல்வின், இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு நெசமாவே தெரியல. அவ கேக்குறது நியாயம். சாப்பிட்டு வந்து சொல்றேன்."

அன்பர்களே, இதைவிட உண்மையான வரியை எந்த எழுத்தாளர் எழுதிவிடுவார்? மன்னியுங்கள் மார்ட்டி, உங்கள் அழகான வரி எனக்கு வேண்டாம். நாளைக் காலை பேனாவை எடுத்து அந்த நீலத்தின் மேல் ஓர் எழுத்தும் குறையாமல் மை தீட்டப் போகிறேன். அன்று தெரியாமல் செய்ததை இந்த முறை தெரிந்தே செய்வேன். இந்தச் சபையின் முன் நான் தரும் வாக்கு இதுதான்.

நீங்கள் நிதானமாகச் சாப்பிடுங்கள், ஹெட்டி. பலூனை நான் பார்த்துக்கொள்கிறேன்.