பலகையில் ஒன்பதாவது வரி

கண்ணு தெரியுது சார், படிச்சிட்டேன். ஒம்போதாவது ரூல், இறந்தவங்க உடலை உள்ள வைக்கக் கூடாது. சும்மா சும்மா பலகையையே காட்டாதீங்க. நான் என்ன ஒரு வாரத்துக்கா கேக்குறேன்? ரெண்டு மணி நேரம். எங்க வீடு மூணாவது மாடி. படி திரும்புற எடத்துல பீரோவே ஏறல, எங்க வீட்டுக்காரரு பெட்டி எப்படி ஏறும்? வெளிய ஆம்புலன்ஸ் நிக்குது. கூட வேலை பாத்தவங்க, சொந்தக்காரங்க எல்லாரும் முகம் பாக்கணும்னு வெயில்ல நிக்கிறாங்க.

மேல கேக்கணுமா? இந்தக் கட்டடத்துக்கு மேல இருக்குறது மொட்டை மாடி ஒண்ணுதான். அந்தத் தளம் போட்டதே அவருதான். கொத்தனாரு. லீவு நாள்ல வந்து, கூலி வாங்காம போட்டாரு. நீங்க நாற்காலி போட்டு உக்காந்திருக்கீங்களே, அந்தத் தரையும் அவரு தேய்ச்சதுதான்.

இல்ல சார், கத்தல. என் தொண்டையே இப்படித்தான்.

தெருவுக்குப் பொதுவா ஒரு வீடு வேணும்னு கட்டினோம். மொதல்ல பேப்பர் படிக்கிற எடம். அப்புறம் பிள்ளைங்க காப்பகம். வெள்ளம் வந்தப்போ நாப்பது குடும்பம், கூட ரெண்டு ஆடு. தையல் கிளாஸ் நடந்துச்சு, ஓட்டுப் பெட்டி வெச்சாங்க, ஒருத்தரு சிமெண்டு மூட்டைகூட அடுக்கினாரு. இப்போ தொப்பையக் குறைக்க மெஷின் போட்டிருக்கீங்க. ஆட்டுக்கு எடம் இருந்துச்சு, சிமெண்டுக்கு இருந்துச்சு. கட்டின மனுசனுக்கு இல்ல.

நீங்க போட்ட ரூல் இல்லதான். அப்போ நீங்க பொறந்தே இருக்க மாட்டீங்க. அது காப்பகம் நடந்த சமயம். எதிர் வீட்டு டெய்லர் செத்துட்டாரு, அவரு சம்சாரம் வந்து என்னை மாதிரியே இங்க நின்னுச்சு. பிள்ளைங்க தூங்குற எடம், பயந்துக்கும், முடியாதுன்னு சொல்லியாச்சு. அன்னிக்குன்னு பாத்து மழை. தெருவுல தார்ப்பாய் கட்டிக் கெடத்தினாங்க. இனிமே யாரும் வந்து கேக்கக் கூடாதுன்னு மறுநாளே கமிட்டி கூடி ரூல் எழுதினாங்க.

நோட்டு அந்த அலமாரியிலதான் இருக்கும், எடுத்துப் பாருங்க. கீழ செயலாளர்னு ஒரு கையெழுத்து இருக்கும்.

ஆமா. என்னுதுதான்.

அந்த டெய்லர் சம்சாரமா? இருக்கு சார். ஆம்புலன்ஸ்ல எங்க வீட்டுக்காரருக்குத் துணையா உக்காந்திருக்கு. அவரைத் தனியா விட வேணாம், நான் பாத்துக்குறேன், நீ போயி கேளு, குடுப்பாங்கன்னு அதுதான் என்னை அனுப்புச்சு.