பெட்டிக்குள்ளே கை

— இதோட அஞ்சு கடி, கம்பவுண்டர் சார். நீலா, கையக் காட்டு அவருக்கு. கட்டைவெரலப் பாருங்க, சதையே பிஞ்சிருக்குது. மாட்டாஸ்பத்திரியில உங்களுக்குத்தான் முயலுங்க வெவரம் தெரியும்னாங்க. அதான் மண்டிய அப்பிடியே போட்டுட்டு உங்கள இட்டாந்தன்.

— எப்போ கடிச்சுது, நைனாரே?

— காலையில. நீயே சொல்லேன் நீலா, வாயத் தொறந்து.

— காலையில.

— சரிம்மா. பெட்டிக்குள்ள கை வுட்டப்பவா, வெளிய இருந்தப்பவா?

— உள்ள.

— வெளிய வந்தா?

— காலச் சுத்தும். மடியில ஏறும்.

— அப்போ வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நைனாரே, நிதானமாக் கேட்டுக்கோங்க. நமக்கு இது டீத்தூள் வந்த பெட்டி, அதுக்கு வூடு. கேக்காம உள்ள கை வந்தா மொதல்ல உறுமும். காது ரெண்டையும் முதுகோட ஒட்டிக்கும். பின்னங்காலால டொப்புனு தட்டும். எல்லாம் போயிடு, போயிடுன்னு சொல்றதுதான். அப்பவும் கை போவலன்னாத்தான் பல்லு.

— முயலுக்கு இவ்ளோ ரோசமா?

— ரோசம் இல்லீங்க, பயம். மேல இருந்து வர்ற கை அதுக்குப் பருந்து மாதிரி. மூக்குக்கு நேரா இருக்கறதும் அது கண்ணுக்குத் தெரியாது. கேட்டுக்கோங்க, இன்னொண்ணும் இருக்குது. மூலையில பாருங்க, தன் நெஞ்சு முடியத் தானே பிச்சு மெத்த போட்டு வெச்சிருக்குது.

— குட்டி போடப்போவுதா? இங்க கெடா முயலே கெடையாதே!

— குட்டி இல்ல. சில பொட்டைங்களுக்கு வயித்துல ஒண்ணுமில்லாமலே அப்பிடித் தோணிடும். இல்லாத குட்டிக்குக் காவல் இருக்கும். பத்துப் பதினஞ்சு நாள்ல தானா வுட்டுடும்.

— அதுவரைக்கும் இவ கை இன்னா ஆவறது? ராஜகிரி அடிவாரத்துல வுட்டுடலாம்னு பாத்தன், நரி தின்னுடும்னாங்க. அனந்தபுரத்துல ஒருத்தர் கேக்கறாரு. சாயந்தரம் ஆள் வருது.

— அவரு எதுக்குக் கேக்கறாருன்னு தெரியுமா உங்களுக்கு? கொழம்புக்கு.

— தெரியும் சார். எறும்ப மிதிச்சாக்கூட மனசு ஆறாத வூடு எங்க வூடு. அந்தப் பாவம் எனக்கே வரட்டும். பொண்ண மூளைக்காய்ச்சலுக்குக் குடுத்து மூணு மாசம் ஆவுது. பெத்தவ இவ ஒரு சொட்டு அழல. சோறு போட்டாத் தின்றா, எழுந்துருன்னா எழுந்துக்கறா. இந்தக் கையும் புரையோடிப் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவன்?

— பாப்பா வளத்ததா இது?

— ஆமா, பத்மா வளத்தது. போன வருசம் எல்லைச் சண்டை சேதி கேக்கணும்னு வல்லம் பிளாக் ஆபீசு ரேடியோகிட்ட போய் நின்னன். அங்க ஒருத்தர் குடுத்தாரு. சட்டப்பையிலயே வெச்சு எடுத்தாந்தன்.

— பாப்பாவ எப்பவாச்சும் கடிச்சுதா?

— ஒரு நாளும் இல்ல. நீலா, அவ எப்பிடித்தான் புடிப்பா?

— புடிக்க மாட்டா. கதவத் தொறந்துட்டுத் தள்ளி உக்காந்துப்பா. அது தின்ன மல்லாட்டக் கொடியத் தரையில போடுவா. அதுவா வரும். வந்தப்புறம் பக்கவாட்டுல கையக் கொண்டுபோயி நெத்தியத் தடவுவா. அது வெளிய மேயறப்போ பெட்டியப் பெருக்குவா.

— அடேயப்பா! கேட்டுக்கோங்க நைனாரே, நான் சொல்ல வந்த வைத்தியம் பூரா இதுதான். எந்த ஆளுக்கும் குடுக்க வேணாம். ஏம்மா, நீ வெவரம் தெரியாம கை வுடறேன்னுல்ல நெனச்சன்?

— தெரியும்.

— உறுமறது காதுல வுழலயா?

— வுழும்.

— கால் தட்டுறது?

— தட்டும். அப்பறந்தான் கை வுடுவன்.

— நீலா! இன்னாடி சொல்ற? அஞ்சு வாட்டியும் தெரிஞ்சேவா?

— அஞ்சு நீங்க பாத்ததுங்க. இடது கைய நீங்க பாக்கல.

— அய்யோ, முழங்கை வரைக்கும்... எதுக்குடி? எதுக்கு?

— அத யாருக்கும் குடுத்துடாதீங்க. அது கடிக்கறப்போ மட்டுந்தான் எனக்கு எங்கியாவது வலிக்குது.