புது வீட்டுக்கு மட்டும் வயசு ஏறட்டும்

– அம்மா, மவுஸை விடு. அதை மட்டும் தொடாதே.

– தொடாம எப்படி மாத்தறது? நீதானே சொன்னே, கேம்ல எது வேணும்னாலும் செட்டிங்ஸ்ல போய்ப் பாருன்னு. போய்ப் பாத்தேன். ‘வயசு ஏறட்டுமா’ன்னு கேக்குது. ஏறட்டும்னு சொல்லப் போறேன். அவ்வளவுதானே?

– அவ்வளவுதான் இல்ல. அதை நான் வேணும்னேதான் நிறுத்தி வச்சேன். லேப்டாப் வாங்கிக் கொடுத்து, நம்ம குடும்பத்தையே இந்தக் கேம்ல பொம்மைகளாப் பண்ணி வச்ச அன்னிக்கே.

– தெரியும்டி. அதனாலதான் நீ வர்ற வரைக்கும் பொறுத்திருந்தேன். உன்னைக் கேக்காம மாத்தினா மூஞ்சைத் தூக்கி வச்சுக்குவே.

– இப்ப என்ன அவசரம்? நல்லாத்தானே போயிட்டிருக்கு. அப்பா இருக்காரு, நீ இருக்கே, நான் இருக்கேன்.

– இருக்கே, ரெண்டாங்கிளாஸ்ல இருக்கே. அந்தக் குடும்பத்தை உண்டாக்கி ரெண்டு வருஷம் ஆச்சு, நீ இன்னும் ரெண்டாங்கிளாஸ். தினமும் பையைத் தூக்கிட்டு வந்து அதே வீட்டுப்பாடத்தை எழுதறே. எனக்கே பாவமா இருக்கு.

– நல்லாப் படிக்கிறேனா?

– படிப்புக்கு ஒரு குறையும் இல்ல. முதல் ரேங்க். என்ன பிரயோஜனம்? பாஸ் பண்ண விட மாட்டேங்குதே.

– சரி, வேற என்ன கஷ்டம் உனக்கு?

– பக்கத்து வீட்டுக் குழந்தை. நீ இந்தக் கேமை ஏத்திக் கொடுத்த வாரம் பொறந்தது. இன்னும் தொட்டில்லயே கிடக்கு. அதோட அம்மா வாசல்ல வந்து நிக்கிறப்ப அந்த முகத்தைப் பாக்க முடியல. தூங்கி ரெண்டு வருஷம் ஆன முகம்.

– அது பொம்மைம்மா.

– பொம்மைதான். உங்க அப்பாவை மட்டும் பொம்மைன்னு சொல்லுவியா நீ?

– அது வேற.

– என்ன வேற?

– வயசை ஓட விட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது. அப்பாவுக்கு முதல்ல முடி நரைக்கும். அப்புறம் ஒரு நாள் கறுப்பு அங்கி மாட்டிக்கிட்டு ஒருத்தன் வருவான். அப்பா அவன் பின்னாடியே போயிடுவாரு. நீ அடுப்படியில நின்னு அழுதுட்டிருப்பே. அதைப் பாக்கறதுக்கா இதை வாங்கிக் கொடுத்தேன்?

– அந்த அங்கிக்காரனை எனக்குத் தெரியும். வந்துட்டுப் போயிருக்கான்.

– எப்ப? அதான் வயசை நிறுத்தி வச்சிருக்கேனே.

– வயசு நின்னா தீ நிக்குமா? எதிர் வீட்டுக்காரர் அடுப்பைப் பத்த வச்சுட்டுப் பாட்டுக் கேக்கப் போயிட்டாரு. முடிஞ்சது. அங்கிக்காரன் வந்தான். வந்த வேலையைப் பாக்கணுமா இல்லையா? ஆளை நிக்க வச்சுட்டு ஹால்ல உக்காந்து டிவி பாக்கறான். பாதிப் படம் பாத்துட்டுத்தான் எழுந்திருச்சான். எனக்கு பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

– உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது.

– கேளு முதல்ல. அந்த வீட்டுக்கு நான் வயசு கேக்கவே இல்ல. உங்க அப்பா அங்க அப்படியே இருக்கட்டும். நான் புதுசா இன்னொரு வீடு கட்டியிருக்கேன். அதுக்கு மட்டும் வயசு வேணும். முடியுமா முடியாதா, அதைச் சொல்லு.

– ஒரு நிமிஷம். நீயே கட்டினியா?

– ஏன், கட்டக் கூடாதா? கண்ணாடிக் கடையில நாள் முழுக்க அடுத்தவங்களுக்கு லென்ஸ் வெட்டி ஃபிரேம்ல மாட்டறேன். எனக்கு நாலு சுவரை நிறுத்தத் தெரியாதா? முதல் தடவை வாசல் வைக்க மறந்துட்டேன். உள்ள இருந்தவங்க கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாங்க. அப்புறம் வச்சேன்.

– இரு, படிக்கிறேன். ‘எல்லா வீடுகளுக்கும்’, ‘விளையாடுற வீட்டுக்கு மட்டும்’... முடியும். நீ எந்த வீட்டுல விளையாடறியோ அங்க மட்டும் வயசு ஏறும். மத்தவங்க அப்படியே இருப்பாங்க. அதுக்குக் கீழ ஆயுள் கேக்குது. ஷார்ட், நார்மல், லாங்.

– ஷார்ட்னா?

– பல்லு முளைக்கிறதுக்குள்ள பேரன் வந்துடுவான்.

– ஐயையோ, வேணாம். லாங்?

– ஒரு குழந்தை காலேஜ் முடிக்கிறதுக்குள்ள உனக்கு போரடிச்சிடும்.

– அப்ப நார்மல் போதும். போடு.

– போடறேன். அதுக்கு முன்னாடி வீட்டைக் காட்டு. எங்க டிரைவிங் ஸ்கூல்ல யாரு வந்து உக்காந்தாலும், பின்னாடி என்ன வருதுன்னு பாக்காம வண்டியை எடுக்க விட மாட்டேன். உன்னை மட்டும் விடுவேனா?

– ஆமா, பெரிய டீச்சர். இந்தா, பாத்துக்கோ.

– அட, நல்லாத்தான் இருக்கு. ஜன்னலெல்லாம் பெருசு பெருசா வச்சிருக்கே. இந்த நரைச்ச தலை நீதானே? கண்ணாடி கூட மாட்டி விட்டிருக்கே.

– ஃபிரேம்தான் நல்லா இல்ல. கேம்ல இருக்கிறது எல்லாமே மட்ட ரகம். எங்க கடையில இதை இனாமாக் கொடுத்தாக்கூட யாரும் எடுக்க மாட்டாங்க.

– அப்ப இவரு அப்பாவா? இருந்திருந்தா இப்ப இப்படி ஆகியிருப்பாருன்னு பண்ணினியா? ஆனா ஏன் வழுக்கை வச்சே? அப்பாவுக்கு எவ்வளவு அடர்த்தியான முடி.

– ஆமா. கடைசி வரைக்கும் சீப்புல ஒரு முடி வராது அவருக்கு.

– மூக்கும் அப்பா மூக்கு இல்ல. கையில என்ன, டூல் பாக்ஸா? அப்பாவுக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாதே.

– தெரியாது, பாவம்.

– அம்மா.

– ம்.

– இது யாரு?

– டீ போடட்டுமா?

– உக்காரு. யாரும்மா இது?

– நம்ம பில்டிங் லிஃப்ட்காரர்.

– லிஃப்ட் ரிப்பேர் பண்ண வருவாரே, நீலச் சட்டை, அவரா?

– அவர்தான். கேம்ல அந்த நீலம் கிடைக்கல. கிட்டத்தட்ட ஒண்ணு போட்டு விட்டேன்.

– அவரை எதுக்கு வீட்டுக்குள்ள வச்சிருக்கே?

– இந்தக் கேம்ல லிஃப்ட் இல்லையே. பாவம், வேற எங்க போவாரு?

– விளையாடாதே.

– விளையாட்டுதானே? ரெண்டு ரூம் இருக்கு, நல்லாப் பாரு. நடுவுல சுவர் எழுப்பியிருக்கேன். நீ பாக்கறதுக்கு முன்னாடி ஒரு மரியாதை வேணாமா?

– நான் பாத்ததும் சுவரை எடுத்துடுவியா?

– அது நீ என்ன சொல்றேங்கிறதைப் பொறுத்தது. அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன்.

– ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். நாம இன்னும் கேமைப் பத்தித்தானே பேசிட்டிருக்கோம்?

– இல்ல கண்ணு.

– எப்பருந்து?

– மழைக்காலத்துல ஒரு நாள் கரண்ட் போய் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்.

– என்கிட்ட சொல்லவே இல்ல நீ.

– சொன்னா, பாடம் நடத்திட்டிருக்கிற வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு ஓடி வருவே. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஒரே இருட்டு, கதவைத் தட்டிட்டே இருந்தேன். அவர் வந்து வெளியில படியில உக்காந்துக்கிட்டாரு. மேல போய் மெஷினைக் கையால திருப்பி இறக்கணுமாம், அதுக்கு இன்னொரு ஆள் வரணுமாம். அதுவரைக்கும் ஏதாவது பேசிட்டே இருங்கன்னாரு. என்ன பேசறதுன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கன்னாரு. எனக்கு என்ன தெரியும்? லென்ஸ் வெட்டறதைப் பத்திச் சொன்னேன். கிட்டப் பார்வைக்கு ஓரம் தடிமனா, நடு தடிமனான்னு கேக்கறாரு. அதை என்கிட்ட இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லடி. அப்படியே பேச்சு எங்கெங்கயோ போய் உங்க அப்பாகிட்ட வந்து நின்னுது. லிஃப்டை இறக்கிக் கதவைத் திறந்துட்டாங்க, நான் வெளியில வராம பேசிட்டே இருக்கேன்.

– அவர் வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?

– யாரும் இல்ல. கல்யாணமே பண்ணிக்கல. லிஃப்ட் லிஃப்டா ஏறி இறங்கினதுல மறந்தே போச்சாம். சாயந்திரம் கடை மூடினதும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வருவாரு. குறட்டை விடுவேன்னு முன்கூட்டியே சொல்லிட்டாரு.

– அதுக்குத்தான் அந்தச் சுவரா?

– அதுக்கும்தான்.

– யாரு முதல்ல கேட்டது?

– நான்தான். அவர் கேக்கணும்னு காத்திருந்தா, ஆயுளை லாங்ல வச்சாக்கூடப் பத்தாது.

– அவர் என்ன சொன்னாரு?

– பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களான்னாரு. சொல்லலைன்னேன். அப்ப முதல்ல அங்க பேசிட்டு வாங்கன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல.

– எனக்கு இது பிடிக்கலம்மா.

– உங்க அப்பாவை நினைச்சா?

– அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. எனக்குத்தான் பயமா இருக்கு. அவர் போனப்ப நீ எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாது. பாத்தது நான். போன் பண்ணினா எடுப்பே, காதுல வச்சுக்குவே, பேச மாட்டே. மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கும். ரூமுக்குள்ள போக மாட்டேன்னு சோபாவுலயே சுருண்டு கிடந்தே. வாராவாரம் நான் வந்து கர்ட்டனைத் திறந்து விடுவேன். என் வண்டி தெரு முனை தாண்டறதுக்குள்ள மூடிடுவே. அதைப் பாக்க முடியாமத்தான் இந்த லேப்டாப்பையே வாங்கினேன். இந்த மனுஷனும் ஒண்ணும் சின்னப் பையன் இல்ல. நாளைக்கு இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? இன்னொரு தடவை உன்னை அப்படிப் பாக்க என்னால முடியாது.

– ம்.

– ம்-னா என்ன அர்த்தம்?

– எனக்கும் அந்த பயம் இருக்குன்னு அர்த்தம். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கேளு. நீ இங்க வந்ததும் முதல்ல என்ன பண்றே தெரியுமா? வீட்டை ஒரு சுத்து சுத்திப் பாக்கறே. அப்பா செருப்பு இருந்த இடத்துல இருக்கா, அவர் நாற்காலி இருந்த இடத்துல இருக்கா, நீ போன தடவை விட்டுட்டுப் போன மாதிரியே நான் இருக்கேனா. எல்லாம் அப்படியே இருந்தா நிம்மதியாக் கிளம்பிப் போயிடுவே. அந்த ரெண்டாங்கிளாஸ் பாப்பா பையைத் தூக்கிட்டு வர்றப்பல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

– உன்னையும் நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்னு சொல்றியா?

– பிரியத்துலதான் வச்சே. எனக்கும் அப்ப அது வேண்டித்தான் இருந்தது. இப்ப காலு மரத்துப் போச்சு கண்ணு, கொஞ்சம் நடக்கணும்போல இருக்கு.

– இப்படியெல்லாம் பேசி அழ வைக்காதே. இரு, பெல் அடிக்குது. யாரு இந்த நேரத்துல?

– அவர்தான். டீக்கு வரச் சொல்லியிருந்தேன்.

– எல்லாம் திட்டம் போட்டுத்தான் பண்ணியிருக்கே. என் தலையைப் பாரு, எப்படிக் கலைஞ்சு கிடக்கு.

– அவர் உன்னைப் பொண்ணு பாக்க வரல. போய்க் கதவைத் திற.

– வாங்க. உள்ள வாங்க.

– வணக்கம்மா. மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் மூச்சு வாங்குது. படியேறி வந்தேன்.

– ஏன், லிஃப்ட் ஓடலையா?

– ஜோரா ஓடுதுங்க. காலையிலதான் சரி பண்ணினேன். அதனாலதான், ரெண்டு நாள் மத்தவங்க போய் வரட்டும்னு.

– பாத்தியாடி? இவர் இப்படித்தான். நீங்க உக்காருங்க, அந்த ஓரத்துல கூச்சப்பட்டுக்கிட்டு நிக்காதீங்க.

– அம்மா உங்களைக் கம்ப்யூட்டருக்குள்ள குடி வச்சிருக்காங்க. பாத்தீங்களா?

– சொன்னாங்க, பாத்ததில்ல. இதுவா? பரவாயில்லைங்க, வயித்தைக் குறைச்சே வச்சிருக்காங்க. ஆனா நான் ஏன் பாத்ரூம்ல நின்னு கை தட்டறேன்?

– ரெண்டு நாளா இதே கதைதான். பைப் ஒழுகுது, சரி பண்ணுங்கன்னா, தண்ணிக்கு நடுவுல நின்னு பாடறீங்க.

– அப்ப இது நான் இல்லைங்க. பாடுறது வேணும்னா நான்னு சொல்லலாம். ஒழுகிட்டிருக்கிற பைப்பைப் பாத்துட்டு நான் சும்மா நிக்க மாட்டேன்.

– அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரு. ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இந்தப் புது வீட்டுக்கு வயசு ஏறணும்னு அம்மா சொல்றாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல. அதுக்குள்ள இது ஆயுளை வேற கேக்குது. ஷார்ட், நார்மல், லாங். அம்மா நார்மல் போதும்னுட்டாங்க. உங்களுக்கு எது வைக்கட்டும்?

– அதை நான் சொல்லலாமா?

– அதுல குடியிருக்கப் போறது நீங்கதானே. சொல்லுங்க.

– அப்ப, அம்மாவுக்கு எவ்வளவு வைக்கிறீங்களோ, அதைவிட ஒரே ஒரு நாள் எனக்குக் கூட வைங்க.

– ஆசையைப் பாருடி இவருக்கு. என்னை அனுப்பி வச்சுட்டு இவர் மட்டும் ஜாலியா இருக்கணுமாம்.

– அதுக்கில்லைங்க. ஒருத்தரை அனுப்பி வச்சுட்டு வீட்டுல தனியா உக்காந்திருக்கிறதை நீங்க ஒரு தடவை பாத்தாச்சு. இன்னொரு தடவை வேண்டாம். இந்தத் தடவை அது என்னோடதா இருக்கட்டும்.