ரெண்டு செம்பு மோர்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தப் பக்கம் ரயிலே வராத நாள்ல, மஞ்சணத்திவிளையில நல்லபெருமாள்னு ஒரு வைத்தியர் இருந்தாராம். எங்க பாட்டையாவுக்குப் பாட்டையா. அவரு நாடி பாத்தா தப்பாதாம். நான் பாக்கல, சொல்லுவாக.

அவருக்கு ஒரு முறை உண்டு. நோயாளி பிழைச்சிரும்னா, அந்த வீட்டுல ஒரு செம்பு மோர் வாங்கிக் குடிப்பாராம். பிழைக்காதுன்னா வாயால சொல்ல மாட்டாராம். குடிக்காம எந்திரிச்சுப் போயிருவாராம். வீட்டுல உள்ளவக புரிஞ்சுக்கிடுவாக.

ஒரு கோடையில ஆறுமுகநயினார் பொண்டாட்டி இசக்கியம்மாளுக்குக் காய்ச்சல். மூணு பிள்ளைக்காரி. வைத்தியர் வந்தாராம், நாடி பாத்தாராம், குடிக்காமப் போயிட்டாராம்.

நயினாருக்கு மனசு கேக்கல. மூணாம் நாளு வண்டியக் கட்டிப் போயி, மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மாவக் கூட்டியாந்தாராம். அந்தம்மா விடிஞ்சதுல இருந்து உச்சி வரைக்கும் கூடவே இருந்து மருந்து குடுத்தாகளாம். இசக்கியம்மாளுக்கு வேர்த்துச்சாம். “பத்து நாள் விடாமல் மருந்து கொடுங்கள், பிழைப்பாள்”னு சொல்லிட்டு எந்திரிச்சாகளாம்.

இசக்கியம்மாளோட மாமியா மோர் கொண்டாந்தா.

“வேண்டாம் அம்மா. நோயாளி வீட்டில் நான் எதுவும் வாங்க மாட்டேன்.”

போச்சு! வண்டி தெருவத் தாண்டுமுன்ன வீட்டுல ஒப்பாரி. “ரெண்டு பேரும் குடிக்கலையே, எம்மா!” மருந்துக் குப்பி மூலைக்குப் போயிருச்சாம். சொந்தக்காரங்களுக்கு ஆள் விட்டாச்சாம்.

சத்தம் கேட்டு வைத்தியர் வந்தாராம். நாடியத் தொட்டாராம். திரும்பத் தொட்டாராம். நாடி தெளிஞ்சு ஓடுச்சாம். “ஏ, அழுகைய நிறுத்துங்க!”ன்னுட்டு வேட்டிய மடிச்சுக் கட்டி ஓடி, வண்டிய மறிச்சாராம்.

“அம்மா, திரும்பி வந்து ஒரு வாய் மோர் குடிங்க.”

“அது முறை இல்லை, வைத்தியரே. நோயாளியிடம் கை நீட்டாதே என்று சொல்லித்தான் எனக்கு வைத்தியம் படிப்பித்தார்கள்.”

“எங்க ஊர்ல குடிக்காமப் போனா, கைவிட்டாச்சுன்னு அர்த்தம். மருந்த நிப்பாட்டிட்டாக.”

ஏற்கனவே வெள்ளை முகம். இன்னும் வெளுத்துச்சாம். “பிழைப்பாள் என்று சொன்னேனே!”

“வாயால சொன்னீக. இங்க தொண்டையாலதான் சொல்லணும்.”

“அப்படியானால், நீங்கள் குடித்தீர்களா?”

வைத்தியர் குடிக்காமப் போனதத் தெருவே பாத்துச்சு. இப்பக் குடிச்சா, அன்னைக்கு நாடி பாத்தது தப்புன்னு ஆயிரும். அப்புறம் யாரு கூப்பிடுவா?

ரெண்டு பேரும் திரும்பி வந்தாகளாம். வைத்தியர்தான் முதல்ல கை நீட்டினாராம்.

“செம்பக் கொண்டா தாயி. வே நயினாரு, நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன் வே. இவ பிழைச்சுக்கிடுவா.”

ஊரு பாக்க மடக்கு மடக்குன்னு குடிச்சாராம். டாக்டரம்மா அவரையே பாத்துக்கிட்டு நின்னாகளாம்.

“எனக்கும் கொடுங்கள்.”

“புளிச்சிருக்குமே அம்மா!”ன்னாளாம் மாமியா. அந்தம்மா ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சாகளாம்.

குப்பி மூலையில இருந்து வந்துச்சு. இசக்கியம்மாள் பிழைச்சா. பொறகு இன்னும் ரெண்டு பெத்தா.

இன்னைக்கும் எங்க ஊர்ல டாக்டரோ நர்ஸம்மாவோ வீட்டுக்கு வந்தா, ரெண்டு செம்பு மோர் வைப்போம். புதுசா வந்தவுக, “இன்னொண்ணு யாருக்கு?”ம்பாக.

“தப்பாச் சொல்லிட்டேன்னு ஊரு முன்னால குடிச்சவருக்கு”ம்போம்.